எல்லைக் கோடும் எண்ணிக்கையும்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடமே வடவெல்லை என்று தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் கூறிச் சென்றார். இதனைப் பள்ளியில் படிக்காத தமிழர் அரியர். நானும் படித்தேன். ஆனால் நான் படித்த ஊர் சித்தூர். படித்த பள்ளி ஆந்திரப் பிரதேச அரசின் பள்ளி. வேங்கடத்துக்குத் தெற்கே அமர்ந்துகொண்டு, பிறிதொரு மாநிலத்தின் பிள்ளைகளாக அப்பாடத்தை நாங்கள் ஒப்புவித்தோம். இலக்கியம் சொல்லும் எல்லையும் சட்டம் சொல்லும் எல்லையும் ஏன் வேறுபட்டன என்னும் வினா அன்றே என்னுள் விழுந்தது. அதற்குரிய விடையில் ஒரு பாதியைச் சித்தூரில் கற்றேன். மறு பாதியை, நாற்பது ஆண்டுகளாக நான் வாழ்ந்துவரும் அமெரிக்க நாட்டில் கற்றேன். கட்சி, தேர்தல், சட்டமன்றம் என்பன நமக்குத் தொடர்பில்லாதவை என்று எண்ணி ஒதுங்கி வாழும் நம் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும் என்பதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

கட்சி முதலில் வரைந்த கோடு

சித்தூர் முன்னாளில் வடார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய நகரம். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. வடார்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் பெயர்ந்தது. வடார்க்காட்டிலிருந்து சில பகுதிகளும் கடப்பையிலிருந்து சில பகுதிகளும் சேர்ந்து உருவான மாவட்டம் அது. ஆகவே தொடக்கமுதலே அது இருமொழி மண். எங்கள் தெருவில் சந்தைக்குத் தெலுங்கு, அடுக்களைக்குத் தமிழ் என்றிருந்த வீடுகளும் உண்டு. அதற்கு நேர்மாறாக இருந்த வீடுகளும் உண்டு. மாங்காய் விலை பேசத் தொடங்கிய மொழி ஒன்றாகவும் பேரம் முடிந்த மொழி வேறொன்றாகவும் இருப்பது அங்கே வியப்பன்று.

இத்தகைய நிலத்தில் மாநில எல்லையை யார் வகுத்தார்கள்? நம்மில் பலர் 1953-ஆம் ஆண்டை நினைப்பார்கள். உண்மையில் அதற்கு ஒரு தலைமுறை முன்னரே ஒரு கோடு விழுந்துவிட்டது. 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசுக் கட்சி, ஆங்கில அரசின் மாகாணங்களைப் பொருட்படுத்தாது, மொழிவாரியாகத் தன் மாகாணக் குழுக்களை அமைத்துக்கொள்ள முடிவு செய்தது. அந்த ஏற்பாட்டில் சித்தூர் மாவட்டம் ஆந்திரக் காங்கிரசின் வட்டத்தில் சேர்ந்தது. உறுப்பினர் சேர்ப்பும் நிதி திரட்டலும் வேட்பாளர் தேர்வும் அவ்வட்டத்துக்குள்ளேயே நடந்தன. அரசு வரைபடத்தில் சென்னை மாகாணமாக இருந்த ஊர், கட்சி வரைபடத்தில் ஆந்திரமாக இருந்தது. பிற்காலத்தில் அரசு வரைபடம் கட்சி வரைபடத்தைப் பெரும்பாலும் பின்பற்றியது. கட்சியென்பது தேர்தலில் நிற்பதற்கு மட்டும் ஏற்பட்ட கருவியன்று. நாளைய அரசின் கரட்டுப் படியை இன்றே எழுதிவைக்கும் அமைப்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் கண்டதில்லை.

1946 நவம்பரில் ம. பொ. சிவஞானம் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். அவர் அப்போது காங்கிரசுக்காரர். கட்சியின் உள்ளிருந்துகொண்டே, கட்சி செய்யாத ஒரு பணிக்கெனத் தனி அமைப்பு கண்டார். இன்றைய ஆட்சியியல் நூல்கள் இத்தகைய அமைப்பை அழுத்தக் குழு என்று அழைக்கும். தமிழறிஞர் மங்கலங்கிழார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தும் மக்களைத் திரட்டியும் அப்பணிக்கு வேர் ஊன்றினர். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். சில நாட்களுக்குள் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும், திருப்பதியும் திருத்தணியும் உட்பட, அதனுடன் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தில் சிறை சென்றோர் பலர். சிறையிலேயே உயிர் நீத்தவர்களும் உண்டு.

பின்னர் வந்தது பேச்சுவார்த்தைக் காலம். எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். சிற்றூரை அலகாகக் கொள்வது, மொழிப் பெரும்பான்மையைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சியைப் பேணுவது என்னும் நெறிகளின்படி அவர் முடிவு கூறினார். அப்போது சென்னையிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் ஆட்சி செய்தது ஒரே கட்சி. அதனால் இரு மாநிலங்களின் பூசல், ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைபோலப் பேசித் தீர்க்கக்கூடியதாயிற்று. 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. முருகன் குன்று இப்பக்கமும் திருமால் குன்று அப்பக்கமுமாயின. சித்தூர், புத்தூர், நகரி, குப்பம் ஆகிய ஊர்களின் தமிழர் கோட்டுக்கு அப்பாலேயே நின்றனர்.

எங்கள் வீட்டையும் அக்கோடு தொட்டது. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் பள்ளிப்பட்டுக்கு அருகில். ஒரு நாள் காலையில் அவர் சென்னை மாநிலத்தவரானார். அவருடைய தம்பியாகிய என் தந்தையார் ஆந்திரத்தவராகவே இருந்தார். அதன்பின் எங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் தெலுங்கிலுமாக அச்சாயின.

இசைவும் கருத்தும்

அமெரிக்கா வந்தபின், குடியுரிமைத் தேர்வுக்காக இந்நாட்டு அரசியலமைப்பைப் படிக்க நேர்ந்தது. தேர்வுக்கு வேண்டியதினும் மிகுதியாகவே படித்தேன். அதன் நான்காம் உறுப்பில் ஒரு விதி என்னை நிறுத்தியது. ஒரு மாநிலத்தின் நிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்தை அமைக்க வேண்டுமாயின் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் இசைவு வேண்டும். காங்கிரசின் இசைவும் வேண்டும். (இங்கே காங்கிரசு என்பது கட்சியன்று; செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த இந்நாட்டு நாடாளுமன்றம்.) மாசசூசெட்சு இசைந்த பின்னரே 1820-இல் மெயின் தனி மாநிலமாயிற்று. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-இல் மேற்கு வர்ஜீனியா பிரிந்தபோதுகூட, ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஒரு வர்ஜீனிய அரசின் இசைவைப் பெற்றுக் காட்ட வேண்டியிருந்தது.

இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்போ வேறு வழியில் செல்வது. அங்கே மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்படும், இசைவு தேவையில்லை. இதன் முழு ஆற்றலை நாம் 2014-இல் கண்டோம். அவ்வாண்டு சனவரி 30 அன்று ஆந்திரச் சட்டமன்றம் மாநிலப் பிரிவினை மசோதாவை மறுத்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதனை நிறைவேற்றின. சூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது.

இவற்றுள் எது நல்லது என்று கேட்பார் உளர். அமெரிக்க முறை இந்தியாவில் இருந்திருந்தால் ஆந்திரச் சட்டமன்றத்தின் இசைவின்றித் திருத்தணி ஓர் அடியும் நகர்ந்திராது. சென்னைச் சட்டமன்றத்தின் இசைவின்றி 1953-இல் ஆந்திரமே பிறந்திராது. இந்திய முறையில் சிறுபான்மையோர் தம் மாநிலத்தைக் கடந்து தில்லியை நாடலாம். ஆனால் தில்லி எதைச் செய்தாலும் மாநிலம் தடுக்க இயலாது. ஒவ்வொரு முறையும் ஒருவருக்குக் கதவு, மற்றொருவருக்குச் சுவர். நம் கதவு எங்கே இருக்கிறதென்று அறிவதே நமக்குரிய முதற்பணி.

எல்லைக் கதையில் ஒரு விந்தையும் உண்டு. திருத்தணியில் 1888-இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், 1959-இல் இந்தியக் குடியரசின் துணைத் தலைவர். அப்பதவியின் காரணமாக மாநிலங்கள் அவையின் தலைவர். அவர் பிறந்த ஊரை வேறு மாநிலத்துக்கு மாற்றிய சட்டம் அவர் தலைமை தாங்கிய அவையையும் கடந்தே வந்தது. அமெரிக்காவிலும் துணைத் தலைவரே செனட்டின் தலைவர். 2021 முதல் 2025 வரை அப்பதவியில் இருந்த கமலா ஹாரிசு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். செனட்டில் வாக்குகள் சமமாக நின்ற 33 வேளைகளில் அவருடைய ஒற்றை வாக்கே முடிவு செய்தது. அந்நாட்டு வரலாற்றில் வேறெந்தத் துணைத் தலைவரும் அத்தனை முறை அவ்வாறு வாக்களித்ததில்லை.

பத்தாவது குழந்தை

எல்லை வகுக்கப்பட்டது, கோட்டுக்கு அப்பால் நின்றவர்களின் மொழி என்னாவது? 1949-இல் கூடிய மாகாணக் கல்வியமைச்சர்கள் மாநாடு அதற்கொரு கணக்குச் சொன்னது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் நாற்பது பேர் இருந்தால், அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்தால், அவர்களுக்கு அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும். 1956-இல் அரசியலமைப்பில் 350-அ என்னும் உறுப்பு சேர்ந்து, தாய்மொழி வழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்வதை மாநிலங்களின் கடமையாக்கியது. பாயிரம் மலையைச் சொன்னது. சட்டம் பத்து என்றது.

அந்தப் பத்தின் எடையை எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கண்ணால் கண்டேன். எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவின் ஒரு வகுப்பில் ஓராண்டு ஒன்பது பேரே சேர்ந்தனர். தலைமையாசிரியர் தெலுங்கர், நல்லவர். என் தந்தையாரிடம், "பத்துப் பேரைக் காட்டுங்கள் ஐயா, ஆசிரியரை வாங்கித் தருவது என் பொறுப்பு" என்றார். தந்தையார் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாட்கள் அலைந்தார். மூன்றாம் நாள் மாலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு குடும்பத்தைக் கண்டார். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண். அதுவரை பள்ளியையே பாராதவள். கல் அடுக்கும் வேலைக்குத் தாயுடன் செல்பவள். அவளுடைய தாய், "இவளை எண்ணுறதுக்கா கூப்பிடுறீங்க, படிக்க வைக்கிறதுக்கா சாமி?" என்று கேட்டார். தந்தையார் சற்று நேரம் பேசாமல் நின்று, "இரண்டுக்குந்தாம்மா" என்றார்.

அவள் வந்தாள். வகுப்பு நிலைத்தது. அக்கூட்டத்தில் தந்தையாருக்குத் துணை நின்றவர்கள் உருது வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். பத்து என்னும் விதி எந்த மொழியின் பெயரையும் சொல்லவில்லை. தமிழுக்கு அது மறுக்கப்பட்டால் நாளை உருதுவுக்கும் மறுக்கப்படலாம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இதனையும் மறைக்காது சொல்ல வேண்டும்: சில ஆண்டுகளுக்குப்பின் எங்கள் உறவினர்களே தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினர், அப்பிரிவு மூடப்பட்டது. எந்த அரசும் அதனை மூடவில்லை. எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவே.

யாரிடம் மனுக் கொடுப்பது

தந்தையாரும் நண்பர்களும் எழுதிய மனுக்களின் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் வாங்கிக்கொள்வார். தலைவரிடம் சொல்வதாகக் கூறுவார். உறுப்பினரைக் கட்சி ஆள்கிறது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் இது மேலும் இறுகியது. கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களித்தால் உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். பணத்துக்காகக் கட்சி மாறுவோரைத் தடுக்க வந்த சட்டம் அது. அதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் பயனாக, சித்தூரில் மனுவுடன் நிற்பவர் கட்சியின் தலைமையைக் கவர்ந்தாலன்றிக் காரியம் நடவாது. தலைமையே தொகுதியின் உறுப்பினராக வாய்ப்பது அரிய பேறு. தமிழர் மிகுதியாக வாழும் குப்பம் தொகுதி 1989 முதல் 2024 வரை நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் சந்திரபாபு நாயுடுவையே தேர்ந்தெடுத்தது. அவர் முதலமைச்சராக இருந்த 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் பிறந்தது.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. இங்கே உறுப்பினர் தம் கட்சிக்கு மாறாக வாக்களித்தாலும் பதவி போகாது. மசோதாவின் உயிர் பெரும்பாலும் குழுக்களின் கையில் இருக்கிறது. குழுவில் தலைவரும் சில உறுப்பினரும் மனம் வைத்தால் அது நகரும். வைக்காவிட்டால் அங்கேயே உறங்கும். ஆகவே மனுவுடன் செல்பவர் கட்சித் தலைமையைத் தேட வேண்டுவதில்லை. உரிய குழுவின் உறுப்பினரைத் தேட வேண்டும். இதனாலேயே இந்நாட்டில் வணிகரும் உழவரும் மருத்துவரும் ஆசிரியரும் தத்தமக்கென்று ஆட்களை அமர்த்தி அவைகளின் வாயிலில் நிறுத்துகின்றனர். அவ்வாறு வாதாடுவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1946-இல் ஒரு சட்டமும், அதன் ஓட்டைகளை அடைக்க 1995-இல் மற்றொரு சட்டமும் வந்தன. பணமுடையோர் குரல் ஓங்குகிறது என்னும் குறை உண்மையே. ஆனால் குறை கூறுவோரும், அரசிடம் முறையிடும் உரிமையை அரசியலமைப்பின் முதல் திருத்தம் அனைவர்க்கும் தந்திருப்பதை மறக்கலாகாது.

அவ்வுரிமையால் நம்மவர் பெற்ற பயன் ஒன்றைச் சொல்வேன். இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923-இல் இந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் இங்கிருந்த சில ஆயிரம் இந்தியருள் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை கிடையாது. வாக்கில்லாதவரை எந்த வேட்பாளர் மதிப்பார்? ஆயினும் நியூயார்க்கில் இந்தியா லீக் என்னும் அமைப்பை நடத்திய சே. சே. சிங் என்னும் வணிகர் தளரவில்லை. இரு கட்சியினரையும் நாடினார். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூசும் சனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் ஒரே மசோதாவுக்குத் தோள் கொடுத்தனர். 1946 சூலை 2-ஆம் நாள் அது சட்டமாயிற்று. ஆண்டுக்கு நூறு இந்தியர்க்கு நுழைவும், குடியுரிமை பெறும் வழியும் திறந்தன. அவ்வழியே 1949-இல் குடிமகனான தலீப் சிங் சாந்து, 1956 தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே செல்லர் முன்னின்ற 1965-ஆம் ஆண்டுச் சட்டமே, நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி, நம்முள் பெரும்பாலோரை இங்குக் கொண்டுவந்தது.

தமிழரசுக் கழகமும் அச்சட்டமும் ஒரே 1946-இல் தோன்றின. இரண்டையும் அருகருகே வைத்து நான் பலமுறை எண்ணியதுண்டு. ம. பொ. சி.க்கு மக்கள் கூட்டம் இருந்தது. சிங்குக்கு அதுவும் இல்லை. ஆனால் இருவரும் தாமே முன்வந்து கேட்டனர். தம்மைக் கணக்கில் சேர்க்கும்படி செய்தனர்.

நம் வீட்டுக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாட மதிப்பு வேண்டிக் கல்விக் குழுவின் கூட்டத்துக்குச் சென்றோம். நாங்கள் தொல்காப்பியத்தின் தொன்மையை எடுத்துரைத்தோம். பொறுமையுடன் கேட்ட உறுப்பினர் ஒருவர் இறுதியில் ஒரே வினா எழுப்பினார்: "எத்தனை மாணவர்கள்?" என் காதில் சித்தூர்த் தலைமையாசிரியரின் குரல் ஒலித்தது.

எண்ணிக்கை குறைந்தோர் என் செய்வது? அதற்கும் வழியுண்டு. பள்ளி முடிக்கும் மாணவர்க்கு இருமொழித் தேர்ச்சி முத்திரை வழங்கும் சட்டத்தைக் கலிபோர்னியச் சட்டமன்றம் 2011-இல் முதன்முதலாக இயற்றியது. அதற்காக உழைத்த கூட்டமைப்பில் முன்னின்றோர் ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்காக வாதாடிய ஆசிரியரும் பெற்றோரும். ஆனால் சட்டம் எல்லா மொழிக்கும் பொதுவாக அமைந்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று தமிழ்ப் பிள்ளைகளும் அதன் பயனைத் துய்க்கின்றனர். சித்தூரில் உருதுப் பெற்றோர் எங்களுடன் நின்றதற்கும் இதற்கும் வேற்றுமையில்லை. சிறு தொகையினர் தமக்கென மட்டும் கேட்டால் குரல் தேயும். தம்மைப் போன்ற பிறருடன் சேர்ந்து பொதுவிதி ஒன்றைக் கேட்டால் அது ஓங்கும்.

மார்கழி வைகறையில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. எந்த எல்லைச் சட்டமும் அதனை நிறுத்தவில்லை. பக்தி அதனைக் காக்கிறது. ஆனால் பள்ளியும் ஆசிரியரும் பாடநூலும் பக்தியால் மட்டும் வாரா. அவற்றுக்கு அவை வேண்டும், அவையில் உறுப்பினர் வேண்டும், உறுப்பினரிடம் செல்ல மக்கள் வேண்டும்.

அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் பல இலட்சம் வீடுகளுக்கு அனுப்பும் வினாத்தாளில், "வீட்டில் ஆங்கிலமன்றி வேறு மொழி பேசுவதுண்டா? அது எது?" என்று இரு வினாக்கள் உள்ளன. நம்மவருள் சிலர் அவ்விடத்தில் 'இந்தியன்' என்று எழுதுகின்றனர். சிலர் பிள்ளைகள் ஆங்கிலமே பேசுவதால் வெறுமனே விட்டுவிடுகின்றனர். அத்தாள் உங்கள் வீட்டுக்கு வருமாயின் அக்கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதுங்கள். அவ்வாறு எழுதுவது மெய்யாக இருக்கும்பொருட்டுப் பிள்ளைகளுடன் தமிழில் பேசுங்கள். குடியுரிமை பெற்றோர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கல்விக் குழுவின் சிறிய தேர்தலையும் தவற விடாதீர்கள். செங்கல் சூளையில் அத்தாய் கேட்ட வினா நம்மிடமும் கேட்கப்படும்: எண்ணுவதற்கா, படிப்பதற்கா? இரண்டுக்குந்தான் என்று நாம் மனச்சான்றோடு விடை கூறும் நிலையில் இருக்க வேண்டும்.